சேலம் டவுனுக்குள் பழைய ஃப்ளாட்: முதலில் சம்ப் மூடியைத் திறங்க

ஐந்து ரோட்டைச் சுற்றி அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ், சுவர்ணபுரி, சாரதா காலேஜ் ரோடு, அஸ்தம்பட்டி என்று ஒரு வட்டம் போட்டால், அதற்குள் தனி வீடு வாங்குவது சாதாரணச் சம்பளக்காரருக்கு எட்டாது. நாற்பது லட்சத்தை ஒட்டி பட்ஜெட் வைத்துக்கொண்டு போனால், லிஃப்ட் இல்லாத, தரையோடு மூன்று மாடி கட்டடத்தில் பதினைந்து இருபது வருஷம் ஆன டூ பெட்ரூம் ஃப்ளாட்தான் பெரும்பாலும் காட்டுவார்கள். அதைத் தேடிப் பார்த்துப் பதிவு முடிக்கிறவரை எங்கெங்கே இடிக்கும் என்பதுதான் இங்கே. புது ஃப்ளாட் விஷயம் ஒப்பிட வேண்டிய இடத்தில் மட்டும் வரும்.

ஏரியா தேர்வைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கருத்து இருக்கும். இரண்டே விஷயம் போதும். ஒன்று, ஒரு வேலைநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு அந்தத் தெருவில் நின்று பாருங்கள். ஈரடுக்கு மேம்பாலம் வந்த பிறகும் கீழே சர்வீஸ் ரோட்டில் நெரிசல் எப்படி இருக்கிறது என்பது ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் தெரியாது. இரண்டு, மழை. சேர்வராயன் மலையில் கொட்டுகிற தண்ணீர் திருமணிமுத்தாறு வழியாக ஊருக்குள்ளேதான் இறங்குகிறது. கிச்சிப்பாளையம், பச்சைப்பட்டி, நாராயண நகர் பக்கம் பெரிய மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்பது ஊரறிந்த விஷயம். மற்ற இடங்களில் பார்க்கிங் சுவரில் முழங்கால் உயரத்தில் பழுப்புக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். புதுசாக அந்த உயரத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்திருந்தால் எதிர்வீட்டில் கேளுங்கள்.

இனி தண்ணீர். ஃப்ளாட்டுக்குள் போவதற்கு முன்னால் வாட்ச்மேனிடம் சொல்லி சம்ப் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். 12 அடி நீளம், 8 அடி அகலம், 6 அடி ஆழம் என்றால் 576 கன அடி, சுமார் 16,300 லிட்டர். பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்தால் 6,480 லிட்டர் தேவை. ஆக, சம்ப் விளிம்பு வரை நிறைந்தாலும் இரண்டரை நாள்தான் தாங்கும். அந்தத் தெருவுக்கு மேட்டூர்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது என்று கீழ்வீட்டு அம்மாவிடம் கேட்டால் சரியான பதில் வரும். விற்கிறவரிடம் கேட்டால் “தண்ணிப் பிரச்சனையே இல்லீங்க” என்றுதான் வரும். நாலு நாளுக்கு ஒரு முறை என்றால் மீதி ஒன்றரை நாள் போர்வெல் அல்லது லாரி.

போர்வெல் தண்ணீர் சேலத்தில் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். பாறை பூமி, ஊருக்கு வடக்கே மேக்னசைட் மலை. தண்ணீரில் சுண்ணாம்பும் மெக்னீசியமும் ஏறித்தான் வரும். குழாய் முனையில், ஷவர் துளைகளில் வெள்ளைப் படிவம் எவ்வளவு தடிப்பாக இருக்கிறது என்று விரலால் சுரண்டிப் பாருங்கள். ஷவர் துளைகளில் பாதி அடைத்திருந்தால் கீசர் எலிமென்ட், வாஷிங் மெஷின் இரண்டுக்கும் ஆயுள் குறைவு என்று கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். நல்ல தண்ணீருக்கும் உப்புத் தண்ணீருக்கும் தனித்தனி சம்ப், தனித்தனி மொட்டைமாடி டேங்க், தனித்தனி பைப் இருக்கிற கட்டடம் கிடைத்தால் ஒரு லட்சம் கூடப் போனாலும் அதைத்தான் எடுக்கலாம். ஒரே டேங்கில் இரண்டையும் கலக்கிற கட்டடம்தான் நிறைய.

வீட்டுக்குள் விற்கிறவர் காட்டுவது டைல்ஸும் மாடுலர் கிச்சனும். நீங்கள் பார்க்க வேண்டியது பாத்ரூம் கூரை. மேல்வீட்டு பாத்ரூமில் தரையைத் தாழ்த்திப் போட்டு அதில் பைப்பைப் புதைத்திருப்பார்கள். வாட்டர் ப்ரூஃபிங் போனால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி உங்கள் கூரையில் சொட்டும். அங்கே ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் ஒரு ஷீட்டைக் கழற்றச் சொல்லுங்கள். அதேபோல் கீழ்வீட்டுக்கும் போய் அவர்கள் கூரையைப் பாருங்கள். அந்தக் கசிவு நீங்கள் வாங்கப்போகிற வீட்டிலிருந்து வருவது, சரிசெய்யும் செலவும் உங்கள் தலையில்தான் விழும். பீம், சன்ஷேட், பால்கனி அடிப்பக்கம் இங்கெல்லாம் ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டினால் காறை பெயர்ந்த இடம் உள்ளே வெறுமையாகச் சத்தம் கொடுக்கும். உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டைத் தள்ளுகிறது என்று அர்த்தம். ஒன்றிரண்டு சன்ஷேடில் இருந்தால் விலை பேசலாம். பார்க்கிங் தூண்களில் நெடுக விரிசல் ஓடினால் அந்தக் கட்டடமே வேண்டாம்.

மேல்மாடி விலை குறைவாகச் சொல்வார்கள். ஏப்ரல் மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு முறை போய் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் அந்தத் தள்ளுபடியைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

அளவு விஷயத்தில் “ஆயிரம் சதுர அடி” என்று சொன்னால் படிக்கட்டு, வராண்டா பங்கெல்லாம் சேர்த்த சூப்பர் பில்ட்-அப் கணக்கு அது. டேப் வைத்து அறை அறையாக அளந்தால் 700, 750 அடிதான் கையில் நிற்கும். அடுத்தடுத்த ஃப்ளாட்டை ஒப்பிடும்போது இந்தக் கார்ப்பெட் ஏரியாவை வைத்தே ஒப்பிடுங்கள்.

இவ்வளவும் கண்ணால் பார்ப்பது. பணம் உண்மையில் எதில் போய்ச் சேருகிறது என்றால் யுடிஎஸ்-இல். பத்திரத்தில் “பிரிபடாத பாகம்” என்று எழுதியிருக்கும், மனையில் அந்த ஃப்ளாட்டுக்கு உள்ள பங்கு மண். கட்டடம் வருஷா வருஷம் தேயும், மண்ணின் பங்குக்குத்தான் மதிப்பு ஏறும். பழைய ஃப்ளாட்டுகளில் இந்தப் பங்கு புதுசைவிடக் கொஞ்சம் தாராளமாக இருப்பது வழக்கம். டவுனுக்குள் பழசை வாங்கச் சொல்வதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

ஒரு கணக்கு. மனை 11 சென்ட், அதாவது சுமார் 4,790 சதுர அடி. பன்னிரண்டு ஃப்ளாட். விற்கிறவர் பத்திரத்தில் யுடிஎஸ் 360 அடி. எல்லாருக்கும் அதே அளவு என்றால் 4,320 அடிதான் விற்றிருக்கிறது. மீதி 470 அடி யார் பேரில் இருக்கிறது? பில்டரோ மனை உரிமையாளரோ அதைக் கையில் வைத்திருந்தால், நாளைக்கு மொட்டைமாடியில் ஒரு வீடு எழுப்ப உரிமை கேட்கலாம். இடித்துக் கட்டும்போது பங்குக்கும் வருவார்கள். இதைக் கண்டுபிடிக்க வக்கீல் வரை போகத் தேவையில்லை. பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கம், அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், இலவசமாகவே பார்க்கலாம். அந்த மனையின் சர்வே எண்ணைக் கொடுத்து எடுத்தால் பன்னிரண்டு பேருக்கும் எழுதிக்கொடுத்த கிரயம் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் உள்ள பாகத்தை ஒரு பேப்பரில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கூட்டல் மனை அளவைத் தாண்டினாலும் ஆபத்து: இல்லாத மண்ணை விற்றிருக்கிறார்கள்.

வில்லங்கம் எடுப்பதில் சேலத்துக்குள் ஒரு சிக்கல் உண்டு. மாநகருக்குள் டவுன் சர்வே ஆகியிருப்பதால் வார்டு, பிளாக், டிஎஸ் எண் என்று ஒரு அடையாளம். பழைய பத்திரங்களில் கிராம சர்வே எண் என்று வேறு அடையாளம். ஒன்றை மட்டும் போட்டு எடுத்தால் பாதி பதிவுகள் வராமல் போகும். இரண்டு எண்ணுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஆன்லைனில் 1975 முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தியது வேண்டுமானால் பதிவு ஆபீஸில் மனு போட்டு வாங்க வேண்டும். தாய்ப் பத்திரம் (மனைக்கான மூலப் பத்திரம்) எந்த வருஷத்தில் தொடங்குகிறதோ அங்கிருந்து எடுப்பதுதான் முறை.

மனை உரிமையாளரிடம் பில்டர் பவர் (அவர் சார்பில் விற்கும் அதிகாரப் பத்திரம்) வாங்கி விற்றிருந்தால், கிரயம் எழுதிய தேதியில் பவர் கொடுத்தவர் உயிரோடு இருந்தாரா என்று பார்க்க வேண்டும். விற்பவர் இறந்துபோய் வாரிசுகள் விற்றால் வாரிசுச் சான்றில் உள்ள எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். “தங்கச்சி பெங்களூர்ல இருக்கு, அது ஒண்ணும் சொல்லாது” என்பதெல்லாம் வங்கி வக்கீலிடம் செல்லாது.

அப்ரூவல் பிளானின் நகலைக் கேட்டு வாங்கி, பிளானில் எத்தனை தளம், எத்தனை வீடு என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கி மூன்றாவதைச் சும்மா எழுப்பிய கட்டடங்கள் உண்டு. நீங்கள் பார்க்கும் மலிவான மேல்வீடு அந்தத் தளத்தில் இருந்தால் வங்கி லோன் தராது, பிறகு நீங்கள் விற்கும்போது வாங்குபவருக்கும் தராது. 1.7.2007-க்கு முன் கட்டியதை வரன்முறைப்படுத்த நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-சி என்ற பிரிவு இருக்கிறது. அதன்படி ஆணை வாங்கியிருந்தால் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள், “அப்ளை பண்ணியிருக்கோம்” என்பதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். புதுக் கட்டடம் என்றால், மனை 500 சதுர மீட்டருக்கு மேலோ எட்டு வீட்டுக்கு மேலோ இருந்தால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு கட்டாயம். பதிவு பெற்ற ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர்கள் வாங்கக் கூடாது.

பணம். கணக்குக்கு 38 லட்சம் என்று வைப்போம். பழைய ஃப்ளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம், 3,42,000 ரூபாய். பதிவுக்காக அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு பேசின விலையைத் தாண்டினால் அதன் மேல்தான் கட்ட வேண்டும். இதே விலைக்குப் பில்டரிடமிருந்து முதல் விற்பனையாக வாங்கினால், 2023 டிசம்பரிலிருந்து 50 லட்சம் வரை 4-ம் 2-மாக 6 சதவீதம்தான்: 2,28,000. கட்டிக்கொண்டிருக்கும்போதே வாங்கினால், விலை 45 லட்சத்துக்குள்ளும் கார்ப்பெட் 90 சதுர மீட்டருக்குள்ளும் இருக்கும்பட்சத்தில் ஜிஎஸ்டி 1 சதவீதம் சேரும். அதையும் கூட்டினாலும் வரியில் புதுசுதான் மலிவு. மனைவி பேரில் வாங்கினால் பதிவில் ஒரு சதவீதம் குறையும் என்பார்கள்; அந்தச் சலுகை 10 லட்சத்துக்குட்பட்ட சொத்துக்கு மட்டும், டவுன் ஃப்ளாட்டுக்கு உதவாது.

லோனில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். வங்கி பேசின விலையைப் பார்க்காது. பேசின விலை, இன்ஜினியர் போட்ட மதிப்பு இரண்டில் எது குறைவோ அதில்தான் சதவீதம் போடும். 30 லட்சம் வரையிலான கடனுக்கு 90 சதவீதம் வரை கொடுக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தந்தாலும், பழைய கட்டடத்துக்கு 80 என்று வைத்துக்கொள்வதே நல்லது. மதிப்பு 34 லட்சம் என்று போட்டால் லோன் 27,20,000. பத்திரச் செலவை இந்த விலையில் சேர்க்க மாட்டார்கள். ஆக, கையிலிருந்து 10,80,000, பதிவுக்கு 3,42,000, புரோக்கருக்கு ஒரு சதவீதம் என்றால் 38,000. இதிலேயே 14,60,000 ஆகிவிட்டது. வங்கியின் வக்கீல், இன்ஜினியர் ஃபீஸ், அடமானப் பதிவு, பாத்ரூம் வேலை எல்லாம் இதற்கு மேல். 20 சதவீதம் கையில் இருந்தால் போதும் என்று ஏழரை லட்சத்தோடு இறங்குகிறவர் அட்வான்ஸைப் பறிகொடுப்பது இங்கேதான். 27,20,000-க்கு எட்டரை வட்டியில் 20 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 23,600.

அதனால் ஒப்பந்தம் எழுதும்போது, “சொத்தின் ஆவணக் குறையால் வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் முழுதும் திருப்பித் தரப்படும்” என்று ஒரு வரி சேருங்கள். கெடுவை 90 நாளாக வையுங்கள். பழைய ஃப்ளாட்டுக்கு 45 நாளில் லோன் வந்துவிடும் என்று நம்பி இறங்க முடியாது. முன்பணம் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுக்கவோ வாங்கவோ கூடாது, செக்கோ ஆன்லைனோதான். விற்பவர் வெளிநாட்டில் குடியிருந்தால் விலை 50 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் டிடிஎஸ் (விலையிலேயே கழித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டும், அதுவும் கூடுதல் விகிதத்தில். ஆடிட்டரைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

பதிவுக்கு முன் அசோசியேஷனில் பாக்கியில்லைச் சான்று வாங்க வேண்டும். அப்படியே கணக்கு நோட்டையும் ஒரு புரட்டு புரட்டுங்கள். பன்னிரண்டு வீட்டில் நாலு வீடு மெயின்டெனன்ஸ் கட்டவில்லை என்றால் மோட்டார் எரிந்த அன்றைக்கு யார் கைக்காசு போடுகிறார்கள் என்று அதிலேயே தெரியும். கார் நிறுத்தும் இடம் உங்கள் பத்திரத்தில் எண்ணோடு எழுதியிருக்கிறதா, வெறும் வாய்ப்பேச்சா என்று பார்ப்பதும் அப்போதே. பொது மின் இணைப்புக்கு வீட்டுக்குக் கிடைக்கிற 100 யூனிட் இலவசம் கிடையாது. ஆனால் பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத கட்டடத்துக்குக் குறைந்த கட்டணம் 2023 நவம்பரிலிருந்து இருக்கிறது. தகுதி இருந்தும் அதற்கு மாறாத அசோசியேஷன்கள் இன்னும் இருக்கும்.

பதிவு நாளில் மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்து வைத்து, அது வரைக்குமான பில்லை விற்பவரிடமே கழித்துக்கொள்ளுங்கள். பிறகு சொத்துவரி, குடிநீர்க் கட்டணம் பேர் மாற்ற உங்கள் ஏரியா சேரும் மாநகராட்சி மண்டல ஆபீஸ். சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று நாலு மண்டலம். ஈபி பேர் மாற்றம் ஆன்லைனிலேயே முடியும். அரையாண்டு தொடங்கி முப்பது நாளுக்குள் சொத்துவரி கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு என்பதால், ஏப்ரலிலோ அக்டோபரிலோ கைமாறினால் அதை யார் கட்டுவது என்று முன்பே பேசிவிடுங்கள். கொஞ்ச நாள் கழித்து வில்லங்கத்தை இன்னொரு தடவை எடுத்து, உங்கள் பேர், யுடிஎஸ் அடி, டிஎஸ் எண் மூன்றும் பத்திரத்தில் இருப்பதுபோலவே ஏறியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். எண்ணில் ஒரு இலக்கம் தப்பாக ஏறியிருந்தால் விற்பவர் ஊரில் இருக்கும்போதே பிழைதிருத்தல் பத்திரம் போட்டுவிடலாம்.