இ.எக்ஸ். 415: இரண்டாம் முறையில் தேறியவனின் குறிப்புகள்

ரெட் ஹாட் நிறுவனத்தின் லினக்ஸ் பாதுகாப்புத் தேர்வான இ.எக்ஸ். 415இல் முதல் முறை 300க்கு 189. இரண்டாம் முறை 258. தேர்ச்சிக்கு வேண்டியது 210 என்பது இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். முடிவு மின்னஞ்சல் வந்து நான்கு நாள்களாகின்றன. ஆறுதல் சற்று அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தேர்வில் ஓப்பன்ஸ்காப், எய்ட், யுஎஸ்பிகார்ட், வட்டுக் குறியாக்கம் எனப் பல பகுதிகள் உண்டு. அவற்றைப் பற்றி வேறு யாராவது என்னைவிட நன்றாக எழுதுவார்கள். என்னைத் தோற்கடித்ததும் பின்பு காப்பாற்றியதும் ஒரே பகுதி: தோல்வியடைந்த உள்நுழைவுகளைப் பதிய வைப்பதும், கணக்கைப் பூட்டுவதும், பிறகு அந்தப் பதிவுகளைப் படித்துச் சொல்வதும். கேள்விகளை வெளியிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் தேர்வு எழுதுகிறோம் என்பதால், இங்கே சொல்வதெல்லாம் வெளியிடப்பட்ட பாடத்திட்டத்தையும் என் வீட்டுப் பயிற்சியையும் பற்றியது மட்டுமே.

நான் ஒரு கல்லூரியின் கணினி மையத்தில் வேலை பார்க்கிறேன். ஏறத்தாழ 400 மாணவர்கள் ஒரே சர்வருக்குள் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்நுழையும் வழி) மூலம் நுழைந்து நிரல் எழுதுகிறார்கள். பல பயனர் கணினி என்றால் என்னவென்று எனக்கு ஒருவர் பாடம் எடுக்கத் தேவையில்லை என்ற இறுமாப்போடுதான் முதல் முறை தேர்வுக்குச் சென்றேன். எங்கள் பழைய சர்வர் ரெட் ஹாட் 7. அதில் பாம் (உள்ளே வருபவர் யார் என்று சோதிக்கும் லினக்ஸ் அடுக்கு) கோப்புகளைக் கையால் திருத்தியே ஆறு ஆண்டுகள் பழகியவன் நான்.

தேர்வில் என்ன செய்தேன் என்பதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். சிஸ்டம்-ஆத் என்ற பாம் கோப்பைத் திறந்து, ஃபெயில்லாக் (தோல்விகளை எண்ணிக் கணக்கைப் பூட்டும் பாம் கூறு) வரிகளை அவற்றுக்குரிய இடங்களில் சேர்த்தேன்: கடவுச்சொல் கேட்பதற்கு முன் ப்ரீஆத், கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் பாம்-யூனிக்ஸுக்குப் பின் ஆத்ஃபெயில். ஒரு சாதாரணப் பயனராக இருந்துகொண்டு இன்னொரு பயனராக மாறும் எஸ்யு கட்டளையைக் கொடுத்து, வேண்டுமென்றே தவறான கடவுச்சொல்லை மூன்று முறை தட்டினேன். நான்காம் முறை சரியான கடவுச்சொல்லைத் தட்டியும் உள்ளே விடவில்லை. பூட்டிக்கொண்டது என்ற மகிழ்ச்சியில் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். எஸ்யு, சூடோ (நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளை ஓட்டுவது), நேரடி முனையம் ஆகியவை சிஸ்டம்-ஆத் வழியாகச் செல்கின்றன; எஸ்எஸ்எச் செல்வதோ பாஸ்வேர்டு-ஆத் என்ற வேறொரு கோப்பின் வழியாக. அந்த இரண்டாவது கோப்பை நான் தொடவே இல்லை. வீட்டின் பின்கதவுக்குப் பூட்டுப் போட்டு, அதை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருக்கதவைத் திறந்து வைத்துவிட்டு ஊருக்குப் போனவனின் கதைதான். முடிவு வந்தபோது பகுதிவாரி விழுக்காட்டில் பாம் என்பதற்கு நேரே பூஜ்யம் இருந்தது.

இன்னொரு பிழையும் அதே இடத்தில் ஒளிந்திருந்தது. ரெட் ஹாட் 8ஆம் பதிப்பிலிருந்து இந்தக் கோப்புகளை ஆத்செலக்ட் என்ற கருவி ஆள்கிறது. நாம் கையால் எழுதியதை அது மறுமுறை எழுதும்போது அழித்துவிடும். 'வித்-ஃபெயில்லாக்' என்ற அம்சத்தை இயக்கச் சொல்லி ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் இரண்டு கோப்புகளிலும் வரிகள் தாமாக அமைந்துவிடுகின்றன. வரம்புகளைப் பாம் கோப்பில் எழுதாமல் ஈடிசி செக்யூரிட்டி கோப்பகத்தில் உள்ள ஃபெயில்லாக்.கான்ஃப் கோப்பில் எழுத வேண்டும். ஆறு ஆண்டுப் பழக்கம் என் கையை அந்தக் கட்டளையை நோக்கிப் போகவிடவில்லை. பழைய பதிப்பில் அனுபவம் உள்ளவர்கள் இதைத்தான் அஞ்ச வேண்டும். புதிதாகப் படிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாம் முறைக்கு எனக்கு மூன்று மாதம் கிடைத்தது. ரெட் ஹாட் 9க்கு இணையான இலவச அல்மாலினக்ஸ் 9இல் இரண்டு மெய்நிகர் கணினிகளை அமைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குள் தவறாக நுழைவதையே தினசரி வேலையாக வைத்துக்கொண்டேன். நான் வேகமாகப் படிப்பவன் அல்லன். காகிதத்தில் கட்டம் போட்டு எழுதினால்தான் எனக்கு மனத்தில் நிற்கும். ஆகவே ஒரு நோட்டில் இடப்பக்கம் கதவுகளையும் (நேரடி முனையம், எஸ்எஸ்எச் கடவுச்சொல், எஸ்எஸ்எச் திறவி என்ற சாவிக்கோப்பு, எஸ்யு, சூடோ), மேலே பதிவேடுகளையும் (பிடிஎம்பி, செக்யூர், ஆடிட் லாக், ஃபெயில்லாக்) எழுதிக்கொண்டேன். ஒவ்வொரு கதவையும் தவறாகத் தட்டிவிட்டு எந்தப் பதிவேட்டில் வரி விழுந்தது, எதில் விழவில்லை என்று குறித்தேன். எனக்கு மதிப்பெண் வாங்கித் தந்தது இந்தக் கட்டம்தான். மற்றவர்கள் இதைப் படித்துவிட்டு "இதற்கு ஒரு நோட்டா" என்று சிரிக்கலாம்.

கட்டத்தில் நான் முதலில் தவறாக நிரப்பியது எஸ்யு வரியை. ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள நிர்வாகியாக) இருந்துகொண்டு எஸ்யு கொடுத்தால் கடவுச்சொல்லே கேட்காது. பாம்-ரூட்ஓகே அதற்கு முன்பே வழி விட்டுவிடுகிறது. தோல்வியே நிகழாதபோது பதிவேட்டில் என்ன விழும்? அரை மணி நேரம் பதிவேட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்த பிறகுதான் நான் ரூட் என்பதைக் கவனித்தேன்.

பிடிஎம்பி தோல்வியடைந்த உள்நுழைவுகளைக் குறிக்கும் பைனரிக் கோப்பு; லாஸ்ட்பி கட்டளையால் படிக்க வேண்டும், அதுவும் ரூட்டாக. அதில் எஸ்எஸ்எச் தோல்விகள் பயனர் பெயர், 'எஸ்எஸ்எச்:நோட்டிடிஒய்', வந்த முகவரி, நேரம் என்ற வரிசையில் தெரியும். யாரேனும் அந்தக் கோப்பை நீக்கிவிட்டால் உள்நுழைவு நிரல்கள் அதைத் தாமாகப் புதிதாக உருவாக்குவதில்லை. பதிவு அத்தோடு நின்றுவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. "லாஸ்ட்பி காலியாக இருக்கிறது, ஆகவே தாக்குதல் இல்லை" என்று முடிவு கட்டுவதற்கு முன் கோப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

செக்யூர் என்பது எழுத்து வடிவப் பதிவேடு (உபுண்டுவில் ஆத்.லாக்). இல்லாத பயனரைக் கேட்டு வந்தால் 'இன்வேலிட் யூசர்' என்ற சொற்களும் அங்கே சேர்ந்து விழும். திறவி வழி தோல்விகள்தான் இங்கே ஏமாற்றுபவை. மெய்யான பயனர் ஒருவரின் பெயரில் தவறான திறவியோடு வந்தால், முதல் ஓரிரு தோல்விகள் வழக்கமான பதிவு அளவில் தெரிவதில்லை. மேக்ஸ்ஆத்ட்ரைஸ் (ஓர் இணைப்பில் அனுமதிக்கும் முயற்சிகள்) மதிப்பின் பாதியைத் தொட்ட பிறகே (அது 6 என்றால் 3க்கு மேல்) தெரியத் தொடங்கும். எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமானால் எஸ்எஸ்எச்டியின் (எஸ்எஸ்எச் சர்வர் நிரல்) லாக்லெவலை வெர்போஸ் ஆக்க வேண்டும். திறவித் தோல்வியை ஃபெயில்லாக் எண்ணுவதும் இல்லை, ஏனெனில் அந்தச் சோதனை பாமின் கடவுச்சொல் அடுக்குக்குள் நுழைவதே இல்லை. என் கட்டத்தில் இந்த வரிசைதான் அதிக வெற்றிடங்கள் உள்ள வரிசை.

பாதுகாப்பு நிகழ்வுகளைக் குறிக்கும் தணிக்கைப் பதிவேடான ஆடிட் லாகைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. தோல்வியடைந்த உள்நுழைவைப் பிடிப்பதற்கு விதி எழுத வேண்டியதில்லை. பாமும் எஸ்எஸ்எச்டியும் தாமாகவே அந்தச் செய்தியை ஆடிட்டுக்கு அனுப்புகின்றன. விதி வேண்டியது அந்தப் பதிவேடுகளை யாராவது தொடுகிறார்களா என்று காவல் காப்பதற்கு: கடைசி உள்நுழைவைக் குறிக்கும் லாஸ்ட்லாக் கோப்பையும் ஃபெயில்லாக் கோப்பகத்தையும் எழுதுதல், பண்பு மாற்றுதல் ஆகிய இரண்டுக்கும் கண்காணித்து, 'லாகின்ஸ்' போன்ற ஒரு குறிச்சொல்லைக் கொடுத்துவிட்டால் பின்பு தேடுவது எளிது.

அறிக்கை எடுக்கும்போது எண்கள் ஒத்துப்போகாமல் திகைப்பவர்கள் பலர், நானும் திகைத்தேன். ஆடிட் லாகிலிருந்து அறிக்கை தரும் ஏயுரிப்போர்ட்டில் உள்நுழைவு அறிக்கை வேறு, அடையாளச் சோதனை அறிக்கை வேறு. முன்னது யூசர்_லாகின் நிகழ்வுகளை மட்டும் எண்ணுகிறது. பின்னது யூசர்_ஆத் நிகழ்வுகளை எண்ணுவதால், ஏற்கெனவே உள்ளே இருக்கும் மாணவர் சூடோவுக்குத் தவறான கடவுச்சொல் கொடுத்ததும் அதில் சேர்ந்துவிடும். கேள்வியில் 'உள்நுழைவு' என்ற சொல் இருக்கிறதா, 'அடையாளச் சோதனை' என்ற சொல் இருக்கிறதா என்பதை இரண்டு முறை படியுங்கள். தோல்விகள் வரம்பை எட்டிய நிகழ்வை மட்டும் தேட வேண்டுமானால் அனாம்_லாகின்_ஃபெயிலியர்ஸ் என்ற வகை இருக்கிறது.

பச்சைப் பதிவைப் படிக்கும்போது இரண்டு விந்தைகள் கண்ணில் படும். ஏயுஐடி (முதலில் உள்நுழைந்த பயனரின் எண்) என்ற இடத்தில் 4294967295 என்று இருந்தால் அது ஏதோ மர்மப் பயனரின் எண் அன்று. இன்னும் யாரும் உள்ளே வரவில்லை என்பதால் அந்த இடம் நிரப்பப்படாமல் இருக்கிறது என்று பொருள். கணக்குப் பெயருக்குரிய இடத்தில் 28756 என்று தொடங்கும் நீண்ட பதினாறடிமான (ஹெக்ஸ்) எண் இருந்தால், அது 'அன்நோன் யூசர்' என்ற சொற்களின் குறியீட்டு வடிவம். ஆடிட் லாகில் தேடும் ஏயுசர்ச்சுக்கு '-ஐ' கொடுத்தால் இரண்டும் படிக்கும்படி மாறிவிடும். பெயரை ஏன் மறைக்கிறார்கள் என்று முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு எங்கள் ஆய்வகத்தை நினைத்துப் பார்த்தேன்: அவசரத்தில் மாணவர்கள் பெயர் கேட்கும் இடத்தில் கடவுச்சொல்லைத் தட்டிவிடுகிறார்கள். அதை அப்படியே பதிந்தால் பதிவேடே கடவுச்சொல் பட்டியலாகிவிடும். ஃபெயில்லாக்கில் 'ஆடிட்' என்ற விருப்பத்தை இயக்கினால் இல்லாத பயனரின் பெயரும் பதிவாகும். அதை இயக்கச் சொன்னால் மட்டுமே இயக்குங்கள்.

ஃபெயில்லாக்கின் இயல்பு மதிப்புகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்:

டினை 3.
ஃபெயில்_இன்டர்வல் 900 வினாடி. மூன்று தோல்விகளும் இந்த இடைவெளிக்குள் நிகழ்ந்தால்தான் பூட்டும்.
அன்லாக்_டைம் 600 வினாடி. பூஜ்யம் என்றால் தானாகத் திறக்கவே திறக்காது.
ரூட்டுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. வேண்டுமென்றால் ஈவன்_டினை_ரூட் எழுத வேண்டும்.
எண்ணிக்கைக் கோப்புகள் இருக்குமிடம் வார் ரன் ஃபெயில்லாக். மறுதொடக்கம் செய்தால் அழிந்துவிடும்.

கடைசி வரியில்தான் ஒரு பொறி இருக்கிறது. எண்ணிக்கை மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிலைக்க வேண்டுமென்றால் கோப்பகத்தை வார் லாக் ஃபெயில்லாக் என்று மாற்ற வேண்டும். மாற்றினால் மட்டும் போதாது. எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் காவல் அடுக்கு அங்கே எழுத விடாது. செமேனேஜ் வழியாக அந்தக் கோப்பகத்துக்கு ஃபெயில்லாக்_டி என்ற முத்திரையைக் கொடுத்து, ரெஸ்டோர்கான் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஆயிரம் முறை தவறாகத் தட்டினாலும் பூட்டாது. இன்னும் கவனமாகச் சொல்லவேண்டும்: முத்திரையின் பெயரில் 'லாக்' என்பது பதிவேட்டைக் குறிக்கும் லாக், பூட்டைக் குறிக்கும் லாக் அன்று. ஆங்கிலத்தில் எழுத்து மாறும். தமிழில் ஒலித்துப் படிப்பவர்கள் அங்கே தவறுகிறார்கள், நான் இரண்டு முறை தவறினேன்.

ஆடிட் விதிகளுக்கும் இதே நிலைத்தன்மைச் சிக்கல் உண்டு. ஆடிட்சிடிஎல் வழியாகக் கொடுத்த விதி அடுத்த மறுதொடக்கத்தில் போய்விடும். ரூல்ஸ்.டி கோப்பகத்தில் எழுதி ஆஜென்ரூல்ஸ் வழியாக ஏற்றுங்கள். விதிகளை மறுதொடக்கம் வரை மாற்றவிடாத '-இ 2' என்ற பூட்டு வரியைப் பயிற்சியின்போது முதலிலேயே போட்டுவிட்டு, ஒவ்வொரு திருத்தத்துக்கும் கணினியை மறுதொடக்கம் செய்துகொண்டிருந்த ஒரு மாலையை நான் மறக்க மாட்டேன். ஆடிட் சேவையான ஆடிட்டியை சிஸ்டம்சிடிஎல் வழியாக மறுதொடக்கம் செய்ய முடியாது, சர்வீஸ் கட்டளைதான் வேண்டும் என்பதும் பதற்றமான நேரத்தில் நினைவுக்கு வர மறுக்கும்.

படித்ததில் வேலைக்கு உடனே பயன்பட்டவற்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணையின்படி பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஆடிட்டின் இயல்பு அமைப்போ 8 எம்பி அளவில் 5 கோப்புகள், மொத்தம் 40 எம்பி. பிடிஎம்பி மாதம் ஒருமுறை சுழன்று ஒரே ஒரு பழைய கோப்பை வைத்துக்கொள்கிறது. இணையத்துக்குத் திறந்திருக்கும் எங்கள் சர்வரில் அந்த 40 எம்பி எத்தனை நாள் வந்தது என்று பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டையும் அன்றே மாற்றினேன்.

பூட்டுவதைவிடப் படிப்பதுதான் கடினம் என்றும் அங்கேதான் தெரிந்தது. ஒரே பெயரில் நான்கு தோல்விகளும் பின்பு ஒரு வெற்றியும் இருந்தால் பெரும்பாலும் விடுமுறை முடிந்து வந்த மாணவர். சரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, அதே வினாடியில் தோல்வி விழுந்தால் தட்டுவது மனிதர் அல்லர். கடவுச்சொல்லை மாற்றிய யாரோ நேரம் வைத்துத் தானாக ஓடும் தம் பழைய க்ரான் நிரலை மறந்துவிட்டார். ஒரே முகவரியிலிருந்து ஐம்பது பெயர்களுக்கு ஆளுக்கொரு தோல்வி மட்டும் இருந்தால் அதுதான் அஞ்ச வேண்டியது, ஏனெனில் ஒவ்வொருவருக்கும் எண்ணிக்கை 1 என்பதால் ஃபெயில்லாக் அசையவே அசையாது. ஆனால் எங்கள் ஆய்வகத்தின் அறுபது கணினிகளும் வெளியே ஒரே முகவரியாகத்தான் தெரிகின்றன. வகுப்புத் தொடங்கும் ஒன்பது மணிக்கு அந்தக் காட்சியும் தாக்குதலைப் போலவே இருக்கும். பூட்டும் கொள்கை வந்த முதல் வாரத்திலேயே, ஒப்படைப்பு நாளுக்கு முந்தைய இரவு, ஒரு மாணவரின் கணக்கை அவருடைய நண்பர்களே மூன்று முறை தவறாகத் தட்டிப் பூட்டி வைத்தார்கள். பத்து நிமிடத்தில் திறந்தது, மீண்டும் பூட்டினார்கள்.

தேர்வின் கடைசி இருபத்தைந்து நிமிடத்தைக் கீழே உள்ள சரிபார்ப்புக்கென ஒதுக்குங்கள். வேகமாக முடிப்பவர்களுக்கு இது மிகையாகத் தோன்றலாம். எனக்கு இது இல்லாமல் முடியாது.

மறுதொடக்கம் செய்யுங்கள்.
ஆத்செலக்ட் செக் ஓட்டுங்கள்.
எஸ்எஸ்எச் வழியாக, இன்னொரு கணினியிலிருந்து, தவறாகத் தட்டுங்கள். எஸ்யு வேண்டாம்.
லாஸ்ட்பி, ஏயுசர்ச், ஃபெயில்லாக் மூன்றிலும் அந்த வரியைக் கண்ணால் பாருங்கள்.
ஆடிட்சிடிஎல் '-எல்' கொடுத்து விதிகள் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.
சோதனைக்காகப் பூட்டிய கணக்கை ஃபெயில்லாக் '--ரீசெட்' கொடுத்துத் திறந்துவிடுங்கள். எண்ணிக்கைக் கோப்பகத்தை வார் லாகுக்கு மாற்றியிருந்தால், நீங்கள் போட்ட பூட்டு மறுதொடக்கத்துக்குப் பிறகும் அப்படியே இருக்கும்; அன்லாக்_டைம் பூஜ்யமாக இருந்தால், திருத்துபவர் வந்து தட்டும்போதும்.