எடை மெஷினை நம்பி இழந்த ஐந்து மாதம்

இன்னும் மனசு ஆறவில்லை. ஐந்து மாத உழைப்பை ஒரே ஒரு எண்ணைப் பார்த்துப் பயந்து நானே கெடுத்துக்கொண்டேன். இதே பாதையில் இருக்கும் இன்னொருவர் அந்த இடத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நான்கு மாதத்தில் 86 கிலோவிலிருந்து 75க்கு வந்தேன். சாப்பாட்டைக் குறைத்து, நடந்து நடந்தே இறக்கிய எடை. ஆனால் பளு தூக்காமல், புரதமும் போதாமல் வேகமாக இறக்கினால் கொழுப்போடு சேர்ந்து தசையும் போய்விடும். எனக்கும் போனது. எடை குறைந்தும் தொப்பை பெரிதாக இறங்கவில்லை, இரண்டு மாடி ஏறினால் தொடை நடுங்கியது. அதனால்தான் ஜிம்மில் சேர்ந்தேன்.

முதல் ஆறு வாரம் நன்றாகவே போனது. 20 கிலோ வெறும் கம்பியில் ஆரம்பித்த ஸ்குவாட், அதாவது கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் பயிற்சி, 50ஐத் தொட்டது. (ஆரம்பத்தில் இப்படிச் சரசரவென்று கூடுவது பெரும்பாலும் நரம்புகள் பழகிக்கொள்வதால்தான். தசை வளர இன்னும் நாளாகும்.) ஆனால் வீட்டு மெஷினில் 75 இருந்த எடை 76.8 ஆகியிருந்தது.

பயிற்சியாளரிடம் சொன்னேன். அவர் மூலையில் இருந்த, கைப்பிடி வைத்த கொழுப்பு அளக்கும் மெஷினில் ஏறச் சொன்னார். பன்னிரண்டு நாளுக்கு முன் எடுத்த சீட்டையும் புதுச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கொழுப்பு 24 சதவீதத்திலிருந்து 27. தசை கிட்டத்தட்ட இரண்டு கிலோ குறைவு. “சாப்பாட்டை இன்னும் குறைங்க, சார்” என்றார். அவ்வளவுதான். தண்ணீர் குடித்தீர்களா, எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், ஒரு கேள்வி கிடையாது. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

குறைத்தேன். ஒரு நாளைக்கு 1,300 கலோரிக்குள் நிறுத்தினேன். எடை இறங்கியது, கூடவே எல்லாமே இறங்கியது. அதற்குள் 60 கிலோ வரை போயிருந்த ஸ்குவாட் மூன்றாவது மாதத்தில் மறுபடி 50க்கு வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். ஒரு நாள் கீழே உட்கார்ந்தவன் கம்பியோடு எழ முடியாமல் பாதுகாப்புக் கம்பிகளின் மேல் இறக்கிவிட்டு வந்தேன். முந்தைய மாதம் ஐந்து முறை தூக்கிய அதே எடை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்துதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. அந்தச் சீட்டு சொன்னபடி பன்னிரண்டு நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கொழுப்பு ஏற வேண்டுமென்றால், தேவைக்கு மேல் தினமும் 1,500 கலோரி போல நான் சாப்பிட்டிருக்க வேண்டும். நடக்கவே இல்லாத விஷயம்.

அடுத்த விடுமுறை நாளில் அதே மெஷினில் காலையில் ஒரு தடவை, சரியாகத் தண்ணீர் குடிக்காமல் திரிந்துவிட்டுச் சாயங்காலம் ஒரு தடவை ஏறினேன். காலையில் 23.8, சாயங்காலம் 26.5. ஒரே உடம்பு, ஒரே நாள். அந்த மெஷின் மெல்லிய மின்சாரத்தை உடம்புக்குள் அனுப்பி, எவ்வளவு தடை வருகிறது என்பதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. நீர்ச்சத்து குறைந்தால் தடை கூடும். அதைக் கொழுப்பு என்று எழுதிவிடும். இரண்டு சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

ஏறிய அந்த 1.8 கிலோவுக்கும் காரணம் இருந்தது. பளு தூக்க ஆரம்பித்து, சாப்பாடும் கொஞ்சம் கூடினால் தசை கிளைக்கோஜனை, அதாவது மாவுச்சத்தின் சேமிப்பு வடிவத்தை, சேர்த்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும். உப்பான சாப்பாடு ஒரு வேளை போதும், மறுநாள் காலை ஒரு கிலோ கூடக் காட்டும்.

அப்புறம் எல்லாவற்றையும் மாற்றினேன். காலையில் எழுந்து, கழிப்பறை போய்விட்டு வந்து, எதுவும் குடிக்கும் முன் எடை. தினமும் எழுதினாலும் வாரச் சராசரியை மட்டும்தான் போன வாரத்தோடு ஒப்பிடுவேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து, மூச்சை இயல்பாக விட்டு, இடுப்பளவு. கலோரியைத் தேவையிலிருந்து கொஞ்சம் மட்டும் குறைத்தேன். புரதத்தை எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்து, ஒரு நாளைக்கு 120 கிராம். முதல் தடவை எழுதிப் பார்த்தபோது நான் 50 கிராம்கூடச் சாப்பிடவில்லை என்று தெரிந்தது. ஒரு முட்டையில் ஆறு கிராம்தான், அதனால் கணக்கு எழுதாமல் இது கைகூடாது.

பளு தூக்குபவர்கள் எடுக்கும் கிரியாட்டின் என்ற துணைப் பொடியையும் தினம் ஐந்து கிராம் எடுத்தேன். முதல் இரண்டு வாரத்தில் 1.2 கிலோ கூடியது, தண்ணீர்தான். இந்தத் தடவை பயப்படவில்லை. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

இன்னொரு தடங்கல் தோள் பயிற்சியில். கம்பியில் மாட்ட ஜிம்மில் இருந்ததிலேயே சின்ன எடைத் தட்டு 2.5 கிலோ, இரண்டு பக்கமும் போட்டால் ஒரே தாவலில் ஐந்து கிலோ. 30 கிலோவிலேயே ஏழு வாரம் நின்றேன். 1.25 கிலோ தட்டு ஒரு ஜோடி சொந்தமாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அடுத்த வாரமே 32.5 தலைக்கு மேல் போனது. உங்கள் ஜிம்மிலும் இல்லையென்றால் தயங்காமல் வாங்கிவிடுங்கள்.

இப்படி மாற்றி பதினான்கு மாதம் ஆகிறது. எடை 74.6, கிட்டத்தட்ட ஆரம்பித்த இடம்தான். இடுப்பு 92 சென்டிமீட்டரிலிருந்து 86. ஸ்குவாட் 90. நேற்றுக் காலை மெஷின் 75.9 காட்டியது, நோட்டில் எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன். சனிக்கிழமை 92.5 போட்டுப் பார்க்கிறேன், சின்னத் தட்டுகள் பையில் தயாராக இருக்கின்றன.