அந்த இரண்டு மணி நேரம்

2022-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் நடந்த உள்விசாரணையில், நான் எழுதிக் கொடுத்த அறிக்கையால் ஒரு பெண்ணின் வேலை போகப் பார்த்தது. கம்ப்யூட்டர் தடயவியலில் முறையான சான்றிதழ் வாங்கியே ஆக வேண்டும் என்று நான் கிளம்பியது அதற்கு அப்புறம்தான். அந்தச் சான்றிதழ் வாங்கிய கதையை அங்கிருந்தே சொல்கிறேன்.

வாடிக்கையாளர்களின் கோப்புகள் ஒரு பென் டிரைவில் நகலாகியிருந்தன. அங்கே நெட்வொர்க் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் அந்த டிரைவைக் கொடுத்து யார் செய்தது என்று பார்க்கச் சொன்னார்கள். மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். கோப்புகள் டிரைவில் ஏறிய நேரம் 18:12 என்று காட்டியது. அந்த நேரத்தில் அலுவலகத்தில் இருந்தது ஒரே ஒருவர், மாதக் கடைசி வேலைக்காகத் தங்கியிருந்த ஓர் இளம் குமாஸ்தா. நான் அவர் பெயரை எழுதவில்லை. ஆனால் 18:12 என்று எழுதிவிட்டால் பெயரையும் எழுதியது போலத்தான்.

விசாரணை அன்று அவருக்காகப் பேச வந்த சக ஊழியர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இந்த 18:12 எந்தக் கடிகாரத்தின் நேரம்?” மென்பொருள் அப்படித்தான் காட்டியது என்றேன். “மென்பொருளுக்கு அது எப்படித் தெரியும்?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. விசாரணையை ஒத்திவைத்து, காவல்துறையில் இந்த வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரை வரவழைத்தார்கள். அவர் அந்தக் கோப்பின் பதிவை, பைட்டுகளை அப்படியே எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து, நேரத்தைக் குறிக்கும் 80 81 என்ற இரண்டு பைட்டுகளைக் காட்டி, பென்சிலை எடுத்தார். அவை தலைகீழ் வரிசையில் பதிவாகும், திருப்பிப் போட்டால் 81 80. அதை இரும எண்ணாக எழுதினால் முதல் ஐந்து பிட் மணி: 10000, அதாவது 16. அடுத்த ஆறு பிட் நிமிடம்: 001100, அதாவது 12. மாலை 4:12. அந்த நேரத்தில் அந்தப் பெண் வங்கியில் இருந்தார், பணம் கட்டிய ரசீது அவர் கையில் இருந்தது.

தவறு என்னுடையது. கோப்புகளை ஃபேட் 32 என்ற முறையில் அடுக்கி வைக்கும் பென் டிரைவில், கம்ப்யூட்டரில் ஓடும் உள்ளூர் நேரம் அப்படியே பதிவாகும். விண்டோஸ் ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் என்.டி.எஃப்.எஸ் என்ற கோப்பு அமைப்போ யூ.டி.சி என்ற உலகப் பொது நேரத்தை எழுதும், அதற்குத்தான் தென்னாப்பிரிக்க நேரம் வர இரண்டு மணி கூட்ட வேண்டும். நான் மென்பொருளில் இரண்டுக்கும் ஒரே நேர மாற்றத்தைக் கொடுத்துவிட்டேன். ஏற்கெனவே உள்ளூர் நேரமாக இருந்ததற்கு இன்னும் இரண்டு மணி நேரம் கூடிப்போனது.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். பெரியவரிடம் நான் என்ன படிக்க வேண்டும் என்று கேட்டேன். “எழுதியதை இன்னொருவர் உட்கார்ந்து கேள்வி கேட்கும் தேர்வாகப் பார்த்துப் போ” என்றார்.

சான்றிதழ்களுக்குப் பஞ்சமில்லை. சி.எச்.எஃப்.ஐ (CHFI) என்பது 150 கேள்விகள், நான்கு மணி நேரம், விடையைத் தேர்ந்தெடுக்கும் முறை. ஜி.சி.எஃப்.இ (GCFE) தேர்வில் புத்தகத்தை வைத்துக்கொண்டே எழுதலாம், அதை ஒட்டிய பயிற்சி வகுப்பின் கட்டணம் எனக்கு எட்டவில்லை. என்.சி.இ-யில் (EnCE) எழுத்துத் தேர்வும் உண்டு, செய்முறையும் உண்டு, ஆனால் அது என்கேஸ் என்ற ஒரே மென்பொருளைச் சார்ந்தது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் மதிப்பு உண்டு, குறை சொல்லவில்லை. எனக்குத் தேவைப்பட்டது அந்தப் பென்சில் கணக்கு. அதனால் ஐ.ஏ.சி.ஐ.எஸ் (IACIS) என்ற கம்ப்யூட்டர் தடயவியலாளர்களின் அமைப்பு வழங்கும் சி.எஃப்.சி.இ (CFCE) சான்றிதழைத் தேர்ந்தெடுத்தேன். எந்த மென்பொருளையும் பயன்படுத்தலாம். ஆனால் அது ஏன் அப்படிக் காட்டுகிறது என்று நாம் விளக்க வேண்டும்.

சரி, தகுதிகள். அமைப்பின் இரண்டு வாரப் பயிற்சி அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் நடக்கும். அதற்குப் போனவர்கள் அங்கிருந்து நேராகச் சான்றிதழ் கட்டத்துக்குள் போகலாம். போக முடியாதவர்கள் வேறு இடங்களில் குறைந்தது 72 மணி நேரம் பயிற்சி பெற்றதைக் காட்டி வெளியிலிருந்து சேரலாம். நான் இரண்டாவது வழி. கட்டணம் அப்போது 750 டாலர், ஏறக்குறைய 14,000 ராண்ட். காவல்துறையில் இல்லாதவர்களுக்குப் பின்னணிச் சோதனையும் உண்டு. நான் முன்னெச்சரிக்கையாகக் காவல் நிலையத்தில் கைரேகை கொடுத்து, பிரிட்டோரியாவிலிருந்து குற்றப் பதிவு இல்லை என்ற சான்றை வாங்கி வைத்துக்கொண்டேன். அது வர வாரக்கணக்கில் ஆகும், கடைசி நேரத்தில் ஓடாதீர்கள்.

இந்த 72 மணி நேரத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஏதோ ஒரு கம்ப்யூட்டர் வகுப்பின் மணிக்கணக்கு செல்லாது. சட்டமும் முன் தயாரிப்பும், கம்ப்யூட்டர் அடிப்படை, டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் முறைகள், கோப்பு அமைப்புகள், தரவு மீட்பு, விண்டோஸ் விட்டுச்செல்லும் தடயங்கள், கண்டதை எடுத்துரைப்பது என்று ஏழு பகுதிகள் இருக்கின்றன. படித்தது இவற்றுக்குள் பொருந்த வேண்டும். என்னிடம் இருந்த வகுப்புகளில் பாதி ஒரு மென்பொருளின் பொத்தான்களைச் சொல்லிக் கொடுத்தவை. அவற்றை ஒதுக்கிவிட்டு, கோப்பு அமைப்புகளுக்கும் மீட்புக்கும் தனியாக ஒரு இணைய வகுப்பில் சேர்ந்தேன். ஒவ்வொரு வகுப்பின் பாடத்திட்டத்தையும் நாள்வாரியாகப் பிரித்து, எந்த மணி நேரம் எந்தப் பகுதிக்கு என்று பட்டியல் போட்டு அனுப்பினேன். அந்தப் பட்டியலைத் தயாரிக்கும்போதே எனக்கு எங்கே ஓட்டை என்று தெரிந்துவிட்டது.

அப்புறம் முதல் கட்டம், சகமதிப்பாய்வு. நான்கு செய்முறைக் கணக்குகள், அதாவது ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டியவை, ஒவ்வொன்றுக்கும் 30 நாள். ஏற்கெனவே சான்றிதழ் பெற்ற ஒருவர் வழிகாட்டியாக இருப்பார். கணக்குகளில் என்ன இருந்தது என்று வெளியே சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் அதற்கு நான் எப்படிப் பழகினேன் என்பதைச் சொல்லலாம். 2 ஜி.பி பென் டிரைவ் ஒன்றை ஃபேட் 32-ஆக ஃபார்மட் செய்து, நாலு படம், ஒரு கடிதம் வைத்து, ஒன்றை அழித்து, எஃப்.டி.கே இமேஜர் என்ற மென்பொருளில் பிம்பம், அதாவது டிரைவின் அச்சு அசலான முழு நகல், எடுத்து, ஹெச்.எக்ஸ்.டி என்ற இலவச ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பார்ப்பேன். ஒரு கோப்பின் பதிவு 32 பைட்டு. அழித்தால் அதன் முதல் பைட்டு ஈ5 என்று மாறும், மற்றவை பெரும்பாலும் அப்படியே நிற்கும். அதைக் கையால் எண்ணி, கோப்பு தொடங்கும் கிளஸ்டரை, அதாவது டிரைவில் அதற்கு ஒதுக்கிய முதல் இடத்துண்டை, கண்டுபிடித்து, அங்கே போய்ப் பார்ப்பேன். அதே பிம்பத்தை ஆட்டோப்ஸி என்ற தடயவியல் மென்பொருளில் போட்டு, என் விடையும் அதன் விடையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். அறுபது, எழுபது முறை செய்திருப்பேன். கணக்குகளை வாங்கிய பிறகு பழகலாம் என்று இருந்திருந்தால் 30 நாளும் பழகவே போயிருக்கும்.

வழிகாட்டியிடமிருந்து எனக்கு அடிக்கடி வந்த குறிப்பு, “இது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்பதுதான். விசாரணை அறையில் கேட்ட அதே கேள்வி. முதல் கணக்கில் விடைகள் சரியாக இருந்தும் அறிக்கையை இரண்டு தடவை திருத்தினேன்.

முறை வைத்து மின்சாரத்தை நிறுத்தும் லோட் ஷெடிங்குக்கு 2023 உச்ச வருடம். பெரிய டிஸ்க்குக்குப் பிம்பம் எடுத்துக்கொண்டிருக்கும்போது பாதியில் மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு தடவை அப்படி ஆனபின் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு யு.பி.எஸ் வாங்கினேன். மின்சாரம் போகும் நேர அட்டவணையைச் சுவரில் ஒட்டி, நகல் மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்கும் ஹாஷ் சரிபார்ப்பை இரவு இரண்டு மணிக்கு வைத்துக்கொண்டேன். இங்கே படிப்பவர்கள் புத்தகத்துக்கு முன்னால் யு.பி.எஸ் வாங்குங்கள்.

மூன்றாவது கணக்கு புரட்டாசியில் வந்தது. நான் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஓர் ஆயா வீட்டின் அவுட்பில்டிங்கில், அதாவது வீட்டை ஒட்டிய தனிக் கட்டடத்தில், வாடகைக்கு இருக்கிறேன். ஆயாவுக்குத் தஞ்சாவூரையோ திருநெல்வேலியையோ தெரியாது. கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேத்தி, இங்கேயே பிறந்தவர், வீட்டில் தமிழைக் கைவிடாமல் பிடித்து வைத்திருப்பவர். கோயிலில் காவடி எடுப்பவர்களின் பெயர்ப் பதிவேடு பல வருடமாக அவர் கையில்தான் இருக்கிறது. புரட்டாசி சனிக்கிழமை வாழையிலையில் சாப்பாடு போட்டுவிட்டு, ராத்திரியெல்லாம் விளக்கு எரிகிறதே, என்ன செய்கிறாய் என்று கேட்டார்.

அறிக்கையை அவருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். அழித்த கோப்பு எப்படி இன்னும் இருக்கும் என்பதற்கு அவருடைய பதிவேட்டையே சொன்னேன்: அட்டவணையில் பெயரை அடித்துவிட்டாலும் உள்ளே பக்கம் கிழிபடவில்லை, வேறு யார் பெயரையாவது அதில் எழுதும் வரை பழைய எழுத்து தெரியும். ஆயா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்:

“சரி தம்பி, பேரு அடிச்சது தெரியுது. யாரு அடிச்சா, எப்போ அடிச்சா?”

என் அறிக்கையில் ஒரு வரி, பயனர் அந்தக் கோப்பை இன்ன தேதியில் அழித்தார் என்று இருந்தது. ஃபேட் அமைப்பில் அழித்த நேரம் எங்கேயும் பதிவாவதில்லை. பென் டிரைவில் அழித்தது விண்டோஸின் ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது, போயிருந்தால் அங்கே நேரம் இருந்திருக்கும். நான் கடைசியாக மாற்றிய தேதியைப் பார்த்து அழித்த தேதி என்று எழுதியிருந்தேன். பயனர் என்று வேறு எழுதியிருந்தேன், விசைப்பலகைக்கு முன்னால் யார் இருந்தார் என்பது டிரைவிலிருந்து தெரியாது. மறுபடியும் ஒரு 18:12. அந்த வரியை எடுத்துவிட்டு, கோப்பு அழிக்கப்பட்டிருக்கிறது, எப்போது என்பதை இந்த டிரைவிலிருந்து சொல்ல முடியாது என்று எழுதினேன். அதற்கப்புறம் ஒவ்வொரு அறிக்கையையும் ஆயாவுக்குச் சொல்லிப் பார்க்கும் எண்ணம் வந்தது. ஆனால் கணக்கின் உள்ளடக்கத்தை வெளியே சொல்லக் கூடாது என்ற விதி நினைவுக்கு வந்ததும் பதறிப்போனேன். படித்துக் காட்டியது நல்லவேளையாக என் பழக்க டிரைவுக்கு எழுதிய அறிக்கைதான். கணக்கின் அறிக்கையில் அதே தவறு இருக்கிறதா என்று அன்றிரவே தேடினேன். இரண்டு இடத்தில் இருந்தது.

நான்கும் முடிந்தபின் இரண்டாம் கட்டம். இங்கே வழிகாட்டி கிடையாது, யாரிடமும் கேட்கக் கூடாது. ஒரு முழு ஹார்டு டிஸ்க் கணக்கு, 40 நாள். அதன் பிறகு 100 கேள்விகள் கொண்ட எழுத்துத் தேர்வு, 14 நாள். இரண்டிலும் 80 சதவீதம் வேண்டும். 40 நாள் என்றால் தாராளம் என்று தோன்றும். வேலைக்குப் போய்க்கொண்டே செய்பவர்களுக்கு அது வெறும் ஆறு வார இறுதிகள். முதல் வாரம் நான் எதையும் தேடவில்லை. டிஸ்க்கின் நேர மண்டலம், அது பிரிக்கப்பட்டிருக்கும் பகுதிகள், ஒவ்வொன்றின் கோப்பு அமைப்பு, எந்த நேரம் உள்ளூர் நேரம், எது யூ.டி.சி என்று ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டினேன். தேடியதும் கிடைத்ததும் நடுவில் ஏறக்குறைய மூன்று வாரம். கடைசி இரண்டு வாரமும் எழுதுவதற்கே போயின. தனிக் குறிப்பேட்டில், செய்தது, செய்த நேரம், ஏன் செய்தேன் என்று ஒவ்வொரு அடியையும் எழுதி வைத்திருந்ததால்தான் அந்த இரண்டு வாரம் போதுமானதாக இருந்தது.

2024 நடுவில் தேர்ச்சி என்று மின்னஞ்சல் வந்தது. விண்ணப்பித்ததிலிருந்து ஒரு வருடத்துக்கு மேல்.

பலர் கேட்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்க நீதிமன்றத்தில் நிபுணராகப் பேச இந்தச் சான்றிதழ் கட்டாயம் இல்லை. அறிவு, பயிற்சி, அனுபவம் மூன்றையும் பார்த்து நீதிமன்றமே முடிவு செய்யும். 2002-ஆம் வருட மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, ஒரு தரவு எவ்வளவு நம்பத்தக்க முறையில் உருவானது, எப்படிச் சேமிக்கப்பட்டது, அதன் முழுமை எப்படிக் காக்கப்பட்டது என்பதைப் பார்த்துத்தான் அதற்கு எவ்வளவு எடை தருவது என்று தீர்மானிக்கச் சொல்கிறது. இணையக் குற்றச் சட்டத்தின் பெரும்பகுதி 2021 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருப்பதால் இந்த வேலை இன்னும் பெருகத்தான் போகிறது. சுவரில் தொங்கும் தாளைவிட, அந்த 15-ஆவது பிரிவு கேட்கும் கேள்விகளுக்கு என் குறிப்பேட்டில் விடை இருப்பதுதான் எனக்கு முக்கியம்.

சான்றிதழ் நிரந்தரம் இல்லை. மூன்று வருடத்துக்கு ஒரு முறை 40 மணி நேரம் தொடர் பயிற்சி காட்டி, ஒரு திறன் தேர்வும் எழுதிப் புதுப்பிக்க வேண்டும். எனக்கு 2027. இதுவரை 22 மணி நேரம் சேர்ந்திருக்கிறது.

கணக்காளர் அலுவலகத்தில் இருந்த அந்தப் பெண் இப்போது சனிக்கிழமை தன் மகனைக் கோயில் தமிழ் வகுப்புக்குக் கூட்டி வருகிறார், நான் அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். வகுப்பு பதினொரு மணிக்கு முடியும். டர்பன் பக்கம் யாராவது இந்தத் தேர்வுக்குத் தயாராகிறீர்கள் என்றால் அப்புறம் மண்டபத்துக்கு வாருங்கள். பழைய பென் டிரைவ் ஒன்றும் பென்சில் ஒன்றும் கொண்டு வந்தால் போதும்.