ஒளிவட்டங்களின் கணக்கு
உருவப் படத்தில் பின்னணி எவ்வளவு மங்கும் என்பதை லென்ஸின் துளைத் திறப்பைக் குறிக்கும் எஃப் எண் மட்டும் தீர்மானிப்பதில்லை. முகத்தின் அளவு சட்டகத்துக்குள் மாறாதிருந்து, பின்னணி வெகு தொலைவில் இருந்தால், குவியத் தொலைவை எஃப் எண்ணால் வகுத்துக் கிடைக்கும் துளை விட்டமே, பின்னணியின் ஒளிப்புள்ளிகள் மங்கி உருவாகும் ஒளிவட்டங்களின் அளவை முடிவு செய்கிறது. எஃப் 1.8 துளையில் 50 மி.மீ. லென்ஸுக்கு அது ஏறத்தாழ 28 மி.மீ.; 85 மி.மீ. லென்ஸுக்கு 47 மி.மீ.

முழுத் துளையில் சட்டக ஓரத்து வட்டங்கள் பூனைக்கண்போல் நசுங்கும் (எனக்கு அது பிடிக்கும்). துளையைச் சற்றுக் குறைத்தால் அவை வட்டமாகும். மேலும் குறைத்தால் துளையை அமைக்கும் இதழ்களின் விளிம்பு தெரிந்து பலகோணமாகும்.

உச்சிவெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, எஃப் 1.8 என வைத்தால் ஷட்டர் வேகம் ஏறத்தாழ 1/8000 நொடி தேவைப்படுவதால், 1/4000 வரை மட்டுமே செல்லும் கேமராவில் பின்னணி வெளுத்துவிடாதிருக்க ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் பொருத்துவதே நல்லது.