நெட் பிசிக்ஸ்: டிகே கணக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள்

சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு ரிசல்ட் வந்துவிட்டது, ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்துவிட்டது. மனசு லேசாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எம்எஸ்சி முடித்துவிட்டு, கோச்சிங் என்றால் சேலம் போகணுமா, பெங்களூரு போகணுமா என்று யோசிக்கிற தம்பி தங்கைகளுக்கு இது. நான் எங்கும் போகவில்லை. மாவட்ட மைய நூலகமும் பழைய வினாத்தாள்களும்தான்.

"பார்ட்டிகிள் பிசிக்ஸை விட்டுடு, குவாண்டமும் ஸ்டாட்டிஸ்டிகல் மெக்கானிக்ஸும் போதும்" என்று எல்லோரும் சொல்வார்கள். கேட்காதீர்கள். டிகே விட்த்தை, அதாவது ஒரு துகள் எவ்வளவு வேகமாகச் சிதைகிறது என்பதை, முதலிலிருந்து கணக்கிடப் போனால் மேட்ரிக்ஸ் எலிமென்டிலேயே (சிதைவின் வீச்சு) அரை நாள் போய்விடும், உண்மைதான். ஆனால் தேர்வின் கடைசிப் பகுதியான பார்ட் சி-க்கு வேண்டியது பெரும்பாலும் இரண்டு டிகேயின் விகிதம். விகிதம் எடுத்தால் கஷ்டமானதெல்லாம் மேலும் கீழும் அடிபட்டுப் போகும். என்னைக் கரையேற்றியது இந்த ஒன்றுதான்.

எலக்ட்ரானின் கனமான உறவான மியூவானை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டிகே விட்த், ஃபெர்மி மாறிலியின் (சிதைவை நடத்தும் வலுக்குறை விசையின் வலிமை) வர்க்கம் பெருக்கல் நிறையின் 5-ஆம் அடுக்கு, கீழே 192 பை கியூப். 192 மறந்தாலும் பரவாயில்லை, 5-ஆம் அடுக்கை மறக்கக் கூடாது. அதைப் பரிமாணத்தை வைத்தே பிடித்துவிடலாம்: ஃபெர்மி மாறிலிக்கு ஆற்றலின் மைனஸ் 2 அடுக்கு, வர்க்கமானால் மைனஸ் 4. விட்த்துக்கு ஆற்றலின் பரிமாணம் வர வேண்டுமானால் நிறைக்கு 5 வந்தே தீரும்.

இப்போது அதே குடும்பத்தில் இன்னும் கனமான டாவ். அதன் நிறை 1777 எம்இவி (ஆற்றலின் அலகு, துகள் நிறையையும் இதிலேயே சொல்வார்கள்), மியூவானுடையது 105.7. விகிதம் 16.8, அதன் 5-ஆம் அடுக்கு சுமார் 13.4 லட்சம். டாவ் எலக்ட்ரானாகச் சிதையும் வேகம் மியூவானைப் போல அத்தனை மடங்கு. அப்புறம் வழிகளை எண்ணுங்கள்: எலக்ட்ரான் 1, மியூவான் 1, குவார்க் ஜோடி 3 நிறத்தில் 3. ஆக 5, எலக்ட்ரான் வழிக்கு 20 சதவீதம். மியூவானின் ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. அதை 13.4 லட்சத்தாலும் 5-ஆலும் வகுத்தால் 3.3 × 10⁻¹³ விநாடி. அளந்த மதிப்பு 2.9 × 10⁻¹³. ஒரு பக்கத் தாளில், ஒரு இன்டக்ரல் கூடப் போடாமல் இவ்வளவு நெருக்கத்தில் வந்து நிற்கிறது! மிச்ச வித்தியாசத்துக்குக் காரணம் பெரும்பாலும் குவார்க் பக்கத்து வலுவிசைத் திருத்தம். உண்மையான எலக்ட்ரான் பங்கு 17.8 சதவீதம்.

இந்தச் சிதைவுகளுக்கு இடையில் நிற்கும் டபிள்யூ போசானுக்கும் இதே எண்ணிக்கைதான். லெப்டான் 3, குவார்க் 2 ஜோடி × 3 நிறம், மொத்தம் 9. ஒவ்வொரு லெப்டானுக்கும் சுமார் 11 சதவீதம். டாப் குவார்க்கைச் சேர்த்து எண்ணிவிடாதீர்கள், அது டபிள்யூவை விடக் கனம்.

கணக்குப் போடும்போது கவனிக்க:
- மின்னூட்டம், லெப்டான் எண், பேரியான் எண் மூன்றும் சரியா? இல்லையென்றால் விடை பூஜ்ஜியம்.
- ஆயுள் வருவது மொத்த விட்த்திலிருந்து. ஒரு வழியின் விட்த்தைத் தலைகீழாக்கி ஆயுள் என்று எழுதாதீர்கள்.
- எச்-பார் (பிளாங்க் மாறிலி வகுத்தல் 2 பை) 6.58 × 10⁻²² எம்இவி விநாடி. இதை விட்த்தால் வகுத்தால் ஆயுள். மனப்பாடம்.
- விடையைப் பார்ட்டிகிள் டேட்டா குரூப் இணையத்தில் இலவசமாகத் தரும் அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

குவார்க் ஜோடியாலான பையான் மட்டும் தனிக் கவனம் கேட்கும். அது எலக்ட்ரானாகவும் சிதையலாம், மியூவானாகவும் சிதையலாம். எலக்ட்ரான் லேசானது, ஃபேஸ் ஸ்பேஸ் (துகள்கள் வெளியேறக் கிடைக்கும் இடம்) அதிகம், ஆகவே அந்த வழிதான் ஜெயிக்கும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. பையானுக்கு ஸ்பின் 0 என்பதால் எலக்ட்ரான் தனக்குப் பிடிக்காத ஹெலிசிட்டியில் (ஓடும் திசையோடு ஒப்பிட்ட ஸ்பின் திசை) வெளியேற வேண்டியிருக்கிறது. அதனால் எலக்ட்ரான், மியூவான் வழிகளின் விகிதத்தில் நிறையின் வர்க்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எலக்ட்ரான், மியூவான் நிறை விகிதத்தின் வர்க்கத்தை ஃபேஸ் ஸ்பேஸ் காரணியோடு பெருக்கினால் 1.28 × 10⁻⁴. இதைக் கையாலேயே போடுங்கள். வந்ததும் பையான் நிறையை எடுத்துவிட்டு, அதைவிடக் கனமான கேயான் துகளின் 493.7 எம்இவியை வையுங்கள், 2.57 × 10⁻⁵ வர வேண்டும்.