முப்பது மீட்டருக்கு மேலே: டோம் சி குளிர்கால நாட்குறிப்பு

மே 7
சூரியன் போயாயிற்று, இனி ஆகஸ்ட்டில்தான் தலைகாட்டும். அடுத்த விமானம் நவம்பரில். அண்டார்டிகாவின் டோம் சி என்ற பனிமேட்டில் பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து நடத்தும் கன்கார்டியா நிலையம் இது, உயரம் 3,233 மீட்டர். விண்மீன் எவ்வளவு நடுங்குகிறது என்று அளப்பது என் வேலை.

மே 19
குறி அகத்திய நட்சத்திரம். இங்கே அது மறைவதே கிடையாது. தொலைநோக்கியின் வாயில் இரண்டு துளை போட்ட மூடி. ஒரே விண்மீன் இரண்டு புள்ளிகளாக விழும். குழாய் ஆடினால் இரண்டும் சேர்ந்தே ஆடும், அது பொருட்டில்லை. இடைவெளி மாறினால் காற்றின் சேட்டை. அதை வைத்துச் சீயிங்கை, அதாவது காற்றால் விண்மீனின் பிம்பம் எவ்வளவு பரவி மங்குகிறது என்பதைக் கணக்கிடுகிறோம்; எண் சிறிதானால் வானம் நல்லது.

ஜூன் 11
மைனஸ் எழுபதுக்கும் கீழே. முகப்புக் கண்ணாடியில் மறுபடியும் உறைபனி. வாயால் ஊதவே கூடாது; மூச்சு அப்படியே படிந்துவிடும். சூடேற்றினால் பனி போகும், ஆனால் அந்தச் சூடே காற்றைக் கலக்கி அளவீட்டைக் கெடுக்கும். தூரிகைதான் கதி. கேபிள் ஒன்று காய்ந்த முருங்கைக் குச்சி போல ஒடிந்தது.

ஜூன் 12
2004-இல் நேச்சர் இதழில் வந்த டோம் சி கணக்கு: இடைநிலைச் சீயிங் 0.27 வில்விநாடி (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி). சிலி, ஹவாய் மலையுச்சிகளில் 0.5 கிடைத்தாலே நல்ல இரவு. ஆளாளுக்கு 0.27-ஐச் சொல்கிறார்கள், 'தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேல்' என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்! பனித்தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, மேலிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்து கிடக்கிறது. தரையை ஒட்டிய அந்தக் குளிர்ந்த காற்றடுக்கை லேசான காற்று கலக்கினாலே போதும், தரையருகே ஒரு வில்விநாடியைத் தாண்டிவிடும்.

ஜூன் 20
மூடிய வானம். தூக்கம்.

ஜூலை 3
அண்டார்டிகாவின் இன்னொரு பனிமேடான டோம் ஏ பற்றிய கட்டுரையை மறுபடி படித்தேன். 4,000 மீட்டருக்கும் மேலே, சீனாவின் குன்லுன் நிலையம். குளிர்காலத்தில் ஆளே இல்லை, கருவிகள் தாமாக ஓடின. 2019-இல் வெறும் 8 மீட்டர் உயரத்திலேயே, கலங்கல் அடுக்குக்கு மேலே இருந்த நேரங்களில் சீயிங் 0.31 வில்விநாடி. அடுக்கின் இடைநிலைத் தடிமனும் சுமார் 14 மீட்டர்தான். பொறாமையாக இருக்கிறது. தென் துருவம் நேர்மாறு: சரிவில் இறங்கும் காற்று, அடுக்கே 200 மீட்டருக்கு மேல். ஆனால் ஈரமில்லாத வானம், அதனால் 10 மீட்டர் மைக்ரோவேவ் தொலைநோக்கிக்கு அதுவே சரியான இடம்.

ஜூலை 22
சாப்பாட்டு மேசையில் கோபுரச் சண்டை. தொலைநோக்கியைக் கோபுரத்தில் 30 மீட்டர் ஏற்றினால் கலங்கலைத் தாண்டலாம், அப்புறம் கோபுரமே ஆடும். என் கட்சி: தாழ்வாகவே வைப்போம், அடுக்கு மெலியும் நேரங்களைப் பிடிப்போம். அந்த நேரங்கள் ஒரே மூச்சில் எவ்வளவு நீள்கின்றன என்று யாரோ கேட்டார்கள். நாளை முதல் அதைத்தான் தனியாகக் குறிக்கப் போகிறேன்.