சட்டை விசிலும் சளிச் சத்தமும்: என் பால் பைத்தானோடு ஒன்றரை வருடம்

செல்லி ஒரு பெண் பாம்பு. இனம் ‘பால் பைத்தான்’ (ball python), அதாவது பந்து மலைப்பாம்பு. இந்த இனத்தின் சொந்த ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. பயந்தால் தலையை நடுவில் புதைத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். 2020-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் தாமாக முன்வந்து அறிவிக்கலாம் என்று சொன்னபோதே விவரம் கொடுத்துவிட்டேன். 2024-இல் புதுப் பதிவு விதிகள் வந்ததும் அந்த அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்திலும் பதிந்தாயிற்று. நம்மூர்ப் பாம்பை வீட்டில் வளர்க்க 1972 வனவிலங்குச் சட்டத்தில் இடமில்லை. சாரை, மண்ணுளி என்று எதையாவது பிடித்து வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்கள் முதலில் வனத்துறையைக் கூப்பிடுங்கள்.

இதை எழுதக் காரணம், மூச்சுக் கோளாறும் சட்டை உரிப்பும் தனித்தனி விஷயம் என்று நான் நினைத்திருந்ததுதான். ஒன்றைச் சரிசெய்யப் போய் மற்றதை வரவழைத்தேன். நாட்குறிப்பில் எழுதி வைத்ததை அப்படியே எடுத்துச் சொல்கிறேன்.

2023 மே

எங்கள் வீடு சென்னை தண்டையார்பேட்டையில், இரண்டாவது மாடி. கடல் பக்கத்தில் இருப்பதால் காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும். அதனால் செல்லிக்கு ஈரப்பதம் பற்றி நான் யோசித்ததே இல்லை. அந்த மே மாதம் வெயில் தாங்காமல் அம்மா, தங்கை, நான் மூவரும் ஏசி அறைக்குப் படுக்கப் போனோம். செல்லியின் தொட்டியும் அங்கேதான் இருந்தது.

கண் நீலம் பூத்தது. பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவில் திரவம் சேரும்போது கண் பால் ஊற்றினது போல மங்கும். சில நாளில் தெளியும். தெளிந்து மூன்று நான்கு நாளில் சட்டை கழலும். காலுறையைக் கழற்றுவது போல, மூக்கு நுனியில் ஆரம்பித்து உள்பக்கம் வெளியே வர, ஒரே துண்டாக வர வேண்டும். செல்லிக்கு வந்தது பதினேழு துண்டு. எண்ணி எடுத்தேன். முதுகில் அப்பளம் போலக் காய்ந்து ஒட்டியிருந்தது. வால் நுனியில் ஒரு வளையம். இடது கண்ணில் பழைய கண்ணாடி அப்படியே நின்றுவிட்டது.

பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருப்பது ஒளி ஊடுருவும் ஒரு தோல்தான், சட்டையோடு அதுவும் கழல வேண்டும். நின்றுபோனால் கண் சற்று சொரசொரப்பாக, ஓரத்தில் சுருக்கம் விழுந்து தெரியும். நான் பயந்துபோய் இடுக்கியைக் கையில் எடுத்துவிட்டேன். பெரம்பூரில் பல வருடமாகப் பாம்பு வளர்க்கும் ஒரு அண்ணனுக்கு அதற்கு முன் போன் போட்டது செல்லியின் நல்ல நேரம். “தம்பி, கண்ணுல மட்டும் கை வைக்காத. பழசோட சேந்து புதுசும் கிழிஞ்சா கண்ணே போயிடும். அடுத்த சட்டையோட வருதா பாரு. வால் நுனிய இன்னிக்கே பாரு, அதான் அவசரம்” என்றார்.

வால் வளையம் ஏன் அவசரம் என்றால், அது காயக் காய இறுகும். ரத்த ஓட்டம் நின்று நுனி கறுத்து விழுந்துவிடும். ஒரு பழைய தலையணை உறையை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, செல்லியை உள்ளே விட்டு, காற்றோட்டமான டப்பாவில் அரை மணி நேரம் வைத்தேன். துணியின் மடிப்புகளில் அவள் ஊர்ந்து ஊர்ந்தே முதுகில் இருந்ததில் பாதி வந்துவிட்டது. வால் வளையத்தை ஈரத் துணியால் மெல்லப் பிடித்தேன், அவள் முன்னே போகப் போக அது கையில் நின்றது. நான் இழுக்கவில்லை. அந்தச் சிறு வளையத்தை இன்னும் தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன். இடது கண்ணில் நின்றது ஜூலைச் சட்டையோடு வந்துவிட்டது.

ஜூன் முதல் நவம்பர் வரை

இங்கேதான் தப்பு செய்தேன். ஏசி காற்று வறட்டியதுதான் காரணம் என்று புரிந்ததும், ஈரம் ஏற்றுவதே என் ஒரே வேலையாகிப் போனது. தொட்டியைக் கூடத்துக்கு மாற்றினேன். அதுவரை சரி. மேலே இருந்த வலை மூடியைப் பிளாஸ்டிக் தாளால் முழுக்க மூடினேன். தென்னை நார்த்தூளை ஐந்து விரற்கடை உயரத்துக்குப் போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். பாரிமுனையில் முள் வைத்த ஈரமானி ஒன்று வாங்கி ஒட்டினேன். அது எழுபதைக் காட்டும் வரை தெளிப்பேன்.

சட்டைகள் அழகாக, ஒரே துண்டாக வந்தன. அந்த மகிழ்ச்சியில், கண்ணாடி உள்பக்கம் எப்போதும் வியர்த்திருந்ததையும், மூடியைத் திறந்தால் ஈரச் சாக்கு வாடை அடித்ததையும் நான் பொருட்படுத்தவில்லை.

2023 டிசம்பர்

4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழை. எங்கள் தெருவில் முழங்கால் வரை தண்ணீர், இரண்டு நாளுக்கு மேல் கரண்ட் இல்லை. தொட்டிக்குக் கீழே இருந்த சூட்டு மெத்தை அணைந்துபோனது. செல்லிக்குச் சூடான பக்கம் 31, 32 டிகிரி இருக்க வேண்டும், குளிர்ந்த பக்கம் 26. இரண்டு பக்கமும் 23-க்கு வந்துவிட்டன. அம்மா கேஸ் அடுப்பில் வெந்நீர் போட்டுத் தர, பாட்டிலில் ஊற்றித் துண்டைச் சுற்றி உள்ளே வைத்தேன். நார்த்தூளை மாற்றத் தோன்றவில்லை. குளிரும் நசநசப்புமாக இரண்டு ராத்திரி கிடந்தாள்.

11-ஆம் தேதி கண் பூத்தது. அன்று இரவே மூச்சில் லேசான விசில் கேட்டது. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வளர்க்கும் பலரும் தடுமாறும் இடம் இது. சட்டைக்கு முன்னால் மூக்குத் துளையைச் சுற்றி இருக்கும் பழைய தோல் தளர்ந்து, மூச்சு போகும்போது விசில் வரும். காய்ந்த, மெல்லிய, ஒரே மாதிரியான சத்தம். அது நோய் இல்லை. அதனால் நான் கவலைப்படவில்லை. பெரம்பூர் அண்ணனிடம் சொன்னபோது, “சட்டை கழண்டதும் சத்தம் நிக்கணும். நிக்கலன்னா மறுநாளே டாக்டர்கிட்ட போ” என்றார்.

17-ஆம் தேதி சட்டை முழுசாக வந்தது. இரண்டு கண்ணாடியும் இருந்தன, வால் நுனியும் இருந்தது. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

18 இரவு மின்விசிறியை அணைத்துவிட்டு, காசிமேட்டுக்குப் போகும் லாரிச் சத்தம் ஓயும் வரை காத்திருந்து, அவளைக் காதருகே பிடித்துக் கேட்டேன். விசில் இல்லை இப்போது. சோடாவில் குமிழ் உடைவது போல ஈரமான ‘டிக், டிக்’. மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒன்று, விடும்போது இரண்டு. 19 காலை தொட்டியின் மூலையில் தலையை அண்ணாந்து வைத்திருந்தாள். வாய் ஒரு நூல் அளவு திறந்திருந்தது. வலது மூக்கில் கடுகளவு குமிழ் எழுந்து, உடைந்து, மறுபடி எழுந்தது. அம்மா பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, “பாப்பாவுக்கு நெஞ்சுல சளிடா. இன்னும் என்ன பாத்துட்டு நிக்கிற?” என்றார்.

பாம்புக்கு உதரவிதானம் கிடையாது. நம்மைப் போல இருமிச் சளியை வெளியே தள்ள முடியாது. விலா எலும்பை அசைத்துத்தான் மூச்சு விடுகிறது. நுரையீரலோ நீண்ட பை, சளி கீழே தேங்கி அங்கேயே நின்றுவிடும். தலையைத் தூக்கி வைப்பது மூச்சுப் பாதையைத் திறந்து வைத்துக்கொள்ள அது செய்யும் முயற்சி. வாய் திறந்து மூச்சு விடும் அளவுக்கு வந்துவிட்டால், நோய் பிடித்துச் சில நாள் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

முதலில் போன கிளினிக்கில் பாம்பு என்றதும் கூடையைத் திறக்கவே வேண்டாம் என்றார்கள். நண்பர் ஒருவர் மருந்துக்கடையில் மனிதருக்கான ஆன்டிபயாடிக் வாங்கி, உடைத்துக் கால்வாசி கொடுக்கச் சொன்னார். நான் அதைச் செய்யவில்லை, நீங்களும் செய்ய வேண்டாம். எந்தக் கிருமி, எவ்வளவு அளவு என்று தெரியாமல் கொடுக்கும் மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடக்கூடும். 20-ஆம் தேதி வேப்பேரி பக்கம் ஊர்வன பார்க்கும் மருத்துவர் ஒருவரிடம் போனோம். நாக்குக்குப் பின்னால், வாயின் அடித்தளத்தில் மூச்சுக்குழாய்த் துளை சின்னக் குழாய் வாய் போலத் திறந்து மூடுவதைக் காட்டினார். அதன் உதட்டில் நூல் நூலாகச் சளி. பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். எடை 1,310 கிராம். அக்டோபரில் 1,420 இருந்தாள்.

செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி, மூன்று நாளுக்கு ஒன்று, மொத்தம் ஏழு. அளவை எடை பார்த்து அவரே கணக்கிட்டார். உடலின் முன்பகுதியில்தான் போட வேண்டும் என்றார். பின்பகுதி ரத்தம் சிறுநீரகம் வழியாகப் போகக்கூடியது என்பது காரணம். சூடோமோனாஸ் கிருமி என்று அறிக்கை வந்தது, அதே மருந்து அதற்குக் கேட்கும் என்றும் இருந்தது. பைத்தான்களுக்கு மூச்சுக் கோளாறு தரும் நைடோவைரஸ் என்று ஒன்று உண்டு, அதற்கு மருந்து கிடையாது, அதனால் இன்னொரு பாம்பு உள்ள வீட்டுக்குப் போய்த் தொட்டுவிட்டு வரும் பழக்கத்தை விடச் சொன்னார். விட்டுவிட்டேன்.

வீட்டில் மூன்று வேலை கொடுத்தார். நார்த்தூளை எடுத்துவிட்டு வெறும் செய்தித்தாள் விரிப்பது: சளி சிந்தினால் கண்ணில் படும், நசநசப்பும் இருக்காது. சூடான பக்கத்தை இரவிலும் 32-க்குக் கீழே இறங்காமல் வைப்பது: பாம்பின் எதிர்ப்புச் சக்தி அதன் உடம்புச் சூட்டை நம்பி இருக்கிறது, குளிரில் மருந்தும் ஒழுங்காக வேலை செய்யாது. குடிநீர் எப்போதும் புதிதாக வைப்பது: மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் நீர் குறையக் கூடாது. சாப்பாடு வேண்டாம் என்றார். அவள் தலையைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தாள்.

நான்காவது ஊசிக்குப் பிறகு, 29-ஆம் தேதி, குமிழ் இல்லை. ஜனவரி 7-இல் கடைசி ஊசி. ‘டிக்’ சத்தம் இன்னும் பத்து நாள் எப்போதாவது ஒன்று வந்துபோனது. 21-ஆம் தேதி ஒரு சின்ன எலியை எடுத்தாள். அம்மா அன்று பாயசம் வைத்தார்.

2024 பிப்ரவரி

ஈரமானியை நம்பித்தானே தெளித்தேன், அதைச் சோதித்துப் பார்த்தேன். பாட்டில் மூடியில் உப்புப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கரையாமல் கூழாக இருக்கும்படி கலந்து, மானியோடு ஜிப் கவரில் அடைத்து ஒரு நாள் வைக்க வேண்டும். உப்புக் கூழின் மேலே காற்றின் ஈரம் 75 சதவீதத்தில் நிற்கும். என் முள்மானி 61 காட்டியது. ஆக, அது எழுபது காட்டும் வரை நான் தெளித்தபோது உள்ளே எண்பத்தைந்தை ஒட்டி இருந்திருக்கும், அதுவும் காற்றே போகாத தொட்டியில். டிஜிட்டல் மானி இரண்டு வாங்கி அதே சோதனை செய்தேன். 74, 76. அவைதான் இப்போது இரண்டு முனையிலும் இருக்கின்றன.

பிளாஸ்டிக் தாளைக் கிழித்துப் போட்டு, மூடியில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் அட்டையால் மூடினேன். பக்கத்தில் இரண்டு துளை வரிசை, ஒன்று தாழ, ஒன்று உயர. தொட்டி முழுக்க 60 முதல் 65. சட்டைக்கு வேண்டிய அதிக ஈரத்தை ஒரு டப்பாவுக்குள் அடக்கிவிட்டேன். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, பக்கத்தில் அவள் நுழையும் அளவு ஓட்டை, உள்ளே ஆர்க்கிட் செடிக்கு விற்கும் பாசியை நனைத்து நன்றாகப் பிழிந்து போட்டது. கையில் அழுத்தினால் ஒரு சொட்டுகூட விழக் கூடாது. அதைச் சூடான பக்கத்துக்கும் நடுவுக்கும் இடையில் வைத்தேன். வாரம் ஒருமுறை பாசியைக் கழுவிக் காயவைப்பேன்.

கண் பூத்த அன்றே டப்பாவுக்குள் போய்விட்டாள். ஆறு நாள் வெளியே வரவில்லை. மார்ச் 2-இல் சட்டை: நான்கடி ஒரு அங்குலம், ஒரே துண்டு, இரண்டு கண்ணாடியும் பளிச்சென்று. அதற்கு இரண்டு நாள் முன்னால் விசில் கேட்டது. சட்டை கழன்ற இரவு நின்றுவிட்டது. நான் அன்று தூங்கவே இல்லை, நாலு முறை எழுந்து கேட்டேன்.

2024 அக்டோபர்

எடை 1,465. பருவமழைக்கு முன் இன்வெர்ட்டரில் சூட்டு மெத்தைக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் தனி இணைப்பு போட்டேன். ஒரு ராத்திரி பத்து மணிக்கு மெயினை அணைத்துச் சோதித்தேன். காலை ஆறு மணிக்குச் சூடான பக்கம் 31.5, குளிர்ந்த பக்கம் 26, கண்ணாடியில் வியர்வை இல்லை. செல்லி பாசி டப்பாவுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தாள், வாய் மூடியிருந்தது.